மாரித் தொகையும் மாந்தர் நினைவும்

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய பின்னர் மழையைப் போற்றினார். மார்கழி விடியலில் திருவரங்கத்தில் ஓதப்பெறும் திருப்பாவையின் நான்காம் பாசுரம், கடலுள் புகுந்து நீர் முகந்து வானேறி மண்ணில் பொழியும் மழையின் பயணம் முழுவதையும் காட்டுகிறது. இவற்றை எடுத்துக்காட்டி, நம் முன்னோர் மழையைப் பாடினரேயன்றி அளந்தாரல்லர் என்று கூறுவார் உளர். மறுபுறம், மில்லிமீட்டர்க் கணக்கு ஒன்றே மழையைப் பற்றிய மெய்யறிவு என்று கருதுவாரும் உளர். இவ்விரு கருத்துக்களும் முழுமையானவை அல்ல. இதனைக் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவிலும் அருகிலும் வாழும் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் மக்களின் வரலாறே தெளிவுறுத்தும்.

ஒரு பருவத்தில் பெய்த மழை எவ்வளவு என்பது ஒரு வினா. அது எப்போது பெய்தது, எங்கே பெய்தது, யாருக்கு என்ன செய்தது என்பன வேறு மூன்று வினாக்கள். முதல் வினாவிற்கு மட்டுமே பருவத் தொகை விடை தரும். ஏனைய மூன்றையும் மறந்த காலங்களிலெல்லாம் இவ்வூர் இடர்ப்பட்டிருக்கிறது.

அளந்த மரபு

மழையை அளக்கும் கருத்து இந்நாட்டிற்குப் புதிதன்று. கௌடலியரின் அர்த்தசாத்திரம், பண்டகசாலையின் முன்னே ஒரு முழ அகலமுள்ள வாயையுடைய கலத்தை மழைமானியாக வைக்க வேண்டும் என விதிக்கிறது. வறண்ட நிலங்களுக்குப் பதினாறு துரோணம், நீர்வளமுள்ள நிலங்களுக்கு அதனினும் ஒன்றரை மடங்கு, அவந்திக்கு இருபத்துமூன்று துரோணம் என்று நாடுதோறும் மழையளவை வகுத்துரைக்கிறது. அத்தோடு அந்நூல் அமையவில்லை. மொத்த மழையில் மூன்றில் ஒரு பங்கு பருவத்தின் முதல் மாதத்திலும் இறுதி மாதத்திலுமாகவும், மூன்றில் இரு பங்கு இடைப்பட்ட மாதங்களிலும் பெய்தால்தான் அது நல்ல பருவம் என்றும் கூறுகிறது. தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது பிரிந்து பெய்த காலமும் சரியாக இருத்தல் வேண்டும் என்ற நுட்பம் இங்கே காணப்படுகிறது. பின்னர் வந்த வராகமிகிரரும் தமது பிருகத் சம்கிதையில், ஒரு முழக் குறுக்களவுள்ள வட்டக் கலத்தில் மழைநீரைச் சேர்த்து அளக்கும் முறையைச் சொல்லியுள்ளார்.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் ஆண்டுதோறும் மழையை மரக்கால் கணக்கில் கூறுவதைப் பலரும் அறிவர். இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, நிலத்தில் இத்தனை பங்கு என்று அவை பிரித்துரைக்கும். வருவதை முன்னுரைக்கும் இக்கணக்கை அறிவியல் ஏற்பதில்லை. எனினும், பெய்யும் மழை எல்லாம் உழவனுக்கு உதவுவதில்லை, அது எங்கே விழுகிறது என்பதே பெரிது என்ற உணர்வு அப்பகுப்பில் பொதிந்துள்ளமை கருதத்தக்கது. உழவரிடம் இன்னோர் அளவை உண்டு. ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்பர். ஏர் இறங்கும் அளவிற்கு மண் ஈரங்கொண்டதா என்பதே அவ்வளவையின் பொருள். விண்ணிலிருந்து விழுந்த நீரை அளக்காமல் மண் ஏற்றுக்கொண்ட நீரை அளந்த முறை அது.

இக்காலப் பதிவுகள் சென்னையில் தொடங்குகின்றன. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வு நிலையத்தில், கோல்டிங்காம் என்பாரின் பொறுப்பில், 1813 முதல் மழைப்பதிவு தொடங்கப்பெற்றது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்ட பிறகு நாடெங்கும் ஒரே முறை பின்பற்றப்பட்டது. ஐந்து அங்குல வாயுடைய சைமன்ஸ் மழைமானி, மாவட்டத் தலைநகரங்களிலும் வட்ட அலுவலகங்களிலும் இடம்பெற்றது. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்தல், 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளையே மழைநாள் எனக் கொள்ளுதல் ஆகிய நெறிகள் இன்றும் வழக்கில் உள்ளன. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஒரு லிட்டர் நீர். இவ்வெளிய சமன்பாட்டின் மேல்தான் வறட்சி அறிவிப்பு முதல் அணைத் திறப்பு வரை எத்தனையோ முடிவுகள் நிற்கின்றன.

பேரேரிக் கரையில் ஒரு தூண்

பருவத் தொகையைத் தம் அடையாளமாகவே கொண்ட மக்கள் உலகின் வேறு பகுதிகளிலும் உளர். வட அமெரிக்காவின் பேரேரிகளுள் மிகப் பெரியது சுப்பீரியர் ஏரி. அதன் தென்கரையிலிருந்து ஏரிக்குள் நீண்டு செல்லும் கீவினோ என்னும் தீவக்குறை, மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே நெடுஞ்சாலையோரம் வெப்பமானி வடிவில் உயர்ந்த ஒரு பலகை நிற்கிறது. அது காட்டுவது வெப்பத்தை அன்று. அவ்வப்பருவத்தில் பெய்த பனியின் தொகையை. 1978-79 குளிர்காலத்தில் பெய்த 390.4 அங்குலமே அதில் குறிக்கப்பெற்ற உச்ச அளவு. ஏறத்தாழ முப்பத்திரண்டரை அடி உயரம். நான்கு ஆள் உயரத்திற்கும் மேலான பனியைத் தாங்கி வாழ்ந்தோம் என்று அவ்வூரார் உலகிற்கு அறிவிக்கும் தூண் அது.

அத்துணைப் பனி அங்கே பொழிவதற்குக் காரணம் ஏரியே. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று வறண்டது. கோடையின் வெப்பத்தை இன்னும் விட்டுவிடாத ஏரிப்பரப்பைக் கடக்கும்போது அது நீராவியை முகந்துகொள்கிறது. எதிர்க்கரை மேட்டில் ஏறும்போது அதனைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. கரையை விட்டு உள்நாட்டிற்குச் செல்லச் செல்லப் பனி விரைந்து குறைகிறது.

இவ்விளக்கம் தமிழ் வாசகர்க்கு அயலானதன்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வரும் காற்றும் தரையிலிருந்து புறப்படும்போது வறண்டதே. அது வங்கக் கடலின் வெதுவெதுப்பான பரப்பைக் கடக்கையில் ஈரம் கொள்கிறது. சோழநாட்டுக் கரையில் மழையாக இறங்குகிறது. அவர்களுக்கு ஏரி செய்வதை நமக்குக் கடல் செய்கிறது. கரையிலிருந்து விலகினால் குறையும் என்ற விதியும் ஒன்றே. நாகப்பட்டினத்தில் ஆண்டிற்கு 1,300 மி.மீ.க்கு மேல் பெய்யும்போது, உள்நாட்டிலுள்ள திருச்சிராப்பள்ளிக்குக் கிடைப்பது 800 மி.மீ.க்கும் 900 மி.மீ.க்கும் இடைப்பட்ட அளவே.

அப்பனித் தூண் இன்னும் இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. பத்து அங்குலப் பனி உருகினால் ஓர் அங்குல நீர் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. அக்கணக்கின்படி 390.4 அங்குலப் பனியும் உருகினால் ஏறத்தாழ 990 மி.மீ. நீராகும், ஏரிப்பனி இலேசானதாகையால் உண்மையில் அதனினும் குறைவே ஆகலாம். தமிழ்நாட்டில் ஓராண்டில் இயல்பாகப் பெய்யும் 920 மி.மீ. மழையை ஒத்ததே அப்பெருந்தொகை. மலைப்பூட்டும் எண்ணின் உள்ளே இருக்கும் நீர் நமக்குப் பழகிய அளவினதாகவே உள்ளது. எண்ணின் பெருமை வேறு, பொருளின் அளவு வேறு என்பது முதற்செய்தி.

குளிர்காலம் ஓர் ஆண்டில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிவதால், அவர்கள் பனியைச் சனவரி முதல் திசம்பர் வரை கணக்கிடுவதில்லை; ஒரு கோடை முதல் மறுகோடை வரை கணக்கிடுகின்றனர். சுவரில் தொங்கும் நாட்காட்டி வேறு, இயற்கையின் ஆண்டு வேறு என்பது இரண்டாம் செய்தி. காவிரிக்கும் அத்தகைய ஆண்டு ஒன்று உண்டு. 1990-இல் அமைக்கப்பெற்ற காவிரி நடுவர் மன்றம், சூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரையிலான காலத்தையே நீராண்டாகக் கொண்டது.

இரு மழைகளின் ஊர்

திருச்சிராப்பள்ளி இரண்டு மழைகளால் வாழும் ஊர். ஒரு மழை இங்கே பெய்கிறது. மற்றொன்று குடகிலும் வயநாட்டிலும் பெய்து இங்கே வந்து சேர்கிறது. மடிக்கேரியில் ஆண்டிற்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை உண்டு. அதில் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தினது. அம்மழை காவிரியாக, கபினியாக இறங்கி, 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. திருச்சிராப்பள்ளியின் மழைமானியில் ஒரு துளியும் விழாத ஆடி மாதத்தில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடுவது இதனால்தான்.

வெள்ளிக்கோள் தென்திசை சென்று வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று பட்டினப்பாலையின் தொடக்கம் கூறுவதை வெறும் புனைந்துரையாகக் கொள்ள வேண்டியதில்லை. சோழநாட்டில் மழையற்ற ஆண்டிலும் மேற்கு மலையில் மழை இருந்தால் ஆறு ஓடும் என்ற நிலவியல் உண்மையே அது. ஒரு நாட்டின் நீர் மற்றொரு நாட்டின் வானத்தில் இருக்கிறது என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார்.

இந்த அறிவு திருவரங்கத்துத் திருவிழா நாட்களிலும் பதிந்துள்ளது. ஆடிப்பெருக்கை ஒட்டி நம்பெருமாள் அம்மா மண்டபத்திற்கு எழுந்தருள்கிறார். காவிரித் தாய்க்குச் சீர்வரிசை ஆற்றில் விடப்படுகிறது. அது மேற்கு மழைக்குச் செய்யும் சிறப்பு. ஆண்டின் ஏனைய மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும் திருமஞ்சன நீர், ஐப்பசியாகிய துலா மாதத்தில் மட்டும் காவிரியிலிருந்து பொற்குடத்தில் யானைமேல் வருகிறது. ஐப்பசியோ இவ்வூரின் சொந்த மழைக்காலம். அடைமழையின் மாதமென்று பழமொழி சுட்டுவதும் அதனையே. வானிலைத் துறை தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பத்திகளில் எழுதுவதைக் கோயில் ஆடி, ஐப்பசி என இரு வழிபாடுகளாகக் கொண்டாடி வருகிறது. திருவானைக்காவில் அப்புத் தலமாக விளங்கும் கருவறையில், ஆறு பெருகும்போது நீர் ஊறுவதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.

அணைகளின் அமைப்பும் இவ்வறிவிற்குச் சான்றாகும். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, நீரைத் தேக்கி வைக்க எழுந்ததன்று. வெள்ளத்தைத் திருப்பிவிட எழுந்தது. பாசனத்திற்கு வேண்டிய நீர் காவிரியில் செல்ல, மிஞ்சியது கொள்ளிடத்தில் இறங்கும். கொள்ளும் இடம் என்ற பெயரே அவ்வாற்றின் கடமையைச் சொல்கிறது. ஓராண்டின் தொகையை அவர்கள் எண்ணிக் கொண்டிருக்கவில்லை. ஒரே நாளில் வந்து நிற்கும் நீரை எங்கே விடுவது என்று எண்ணினர். சோழர் காலக் கல்வெட்டுக்களில் காவிரிக்கரை விநியோகம் என்ற பெயரில் கரை காப்பதற்கான வரி குறிக்கப்பெறுவதும், இராசராசனின் விருதுப்பெயர்களுள் ஒன்றான உய்யக்கொண்டான் என்பது ஒரு வாய்க்காலுக்குப் பெயராகியிருப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே.

தொகை மறைத்தவை

பருவத் தொகையை மட்டும் நோக்கினால் எவை கண்ணுக்குத் தப்பும் என்பதை நான்கு ஆண்டுகள் காட்டும்.

முதலாவது 1924. அவ்வாண்டு பிப்ரவரி 18-இல் சென்னை மாகாணத்திற்கும் மைசூருக்கும் இடையே காவிரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆற்றுநீரைத் திட்டமிட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் ஆவணம் அது. ஐந்தே மாதங்களில், சூலையில், மேற்கு மலையில் பெய்த பெருமழையால் ஆறு எல்லாத் திட்டங்களையும் மீறியது. மலையாள நாட்டில் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்துத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என இன்றும் பேசப்படுவது அதே மழைதான். மேட்டூர்ப் பகுதியில் விநாடிக்கு ஏறத்தாழ நான்கரை இலட்சம் கன அடி நீர் ஓடியதாகக் கணக்கிடப்பட்டது. மறு ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணைப் பணி அவ்வெள்ளத்தைக் கருத்திற்கொண்டே நடந்தது. அணையின் உருவை முடிவு செய்தது ஆண்டுத் தொகை அன்று, சில நாட்களின் சீற்றம்.

இரண்டாவது 1977. நவம்பர் 12-ஆம் நாள் விடியலில் நாகப்பட்டினத்தின் தெற்கே கரை கடந்த புயல், மேற்கு நோக்கி உள்நாட்டில் நகர்ந்தது. தமிழ்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்தது குடகு நாட்டு வெள்ளம் அன்று. தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள மேட்டு நிலங்களிலிருந்து வரும் கோரையாறு, குடமுருட்டி போன்ற சிற்றாறுகளே ஊருக்குள் புகுந்தன. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முட்செடியுமாகக் கிடக்கும் இவற்றை ஆறு என்று எண்ணாதவர்கள் அன்று ஒரே இரவில் ஆறு என்று அறிந்தனர். பெரிய ஆற்றை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிற்றாறு தெரிவதில்லை. 2005 நவம்பரில் அதே சிற்றாறுகள் மீண்டும் நினைவூட்டின. காவிரி நிறைந்து ஓடும் வேளையில் அவை தம் நீரை விட இடமின்றிப் பின்னோக்கித் தேங்குவதே இவ்வூர் வெள்ளங்களின் இயல்பு.

மூன்றாவது 2016. அவ்வாண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்தது 168.3 மி.மீ.; இயல்பான 440 மி.மீ.இல் 62 விழுக்காடு குறைவு. பதிவேட்டில் இதனினும் தாழ்ந்த எண்ணைத் தேடினால் 1876-க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டின் அளவு 163.5 மி.மீ. இரண்டு எண்களுக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆயின் 1876, தாது வருடம். தென்னாட்டில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பெரும்பஞ்சம் அவ்வாண்டில்தான் தொடங்கியது. பஞ்சக் கும்மிகள் பாடியழுதது அதனையே. 2016-இல் பயிர் கருகியது, உழவர் பலர் மனமுடைந்தனர். ஆனால் ஊர் ஊராக மக்கள் பசியால் மடியவில்லை. நியாயவிலைக் கடையும், சாலையும், இருப்புத் தானியமும், கேட்பதற்கு உரிமையுள்ள வாக்காளரும் இடையில் வந்திருந்தனர். மழை ஏறத்தாழ ஒன்றே. அது மனிதருக்குச் செய்தது ஒன்றன்று. பஞ்சத்தை வானம் மட்டும் உண்டாக்குவதில்லை என்பதற்கு இவ்விரு எண்களை அருகருகே வைப்பதைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை.

நான்காவது 2018. பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் வர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலை 23-இல் மேட்டூர் 120 அடியை எட்டியது. ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த அதே மழையால் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. இரண்டு இலட்சம் கன அடி ஒரு நாள் முழுதும் ஓடினால் பதினேழு டி.எம்.சி.க்கு மேலாகும். பல்லாண்டு வழக்காடிப் பெற்ற ஓராண்டுப் பங்கு முழுவதும் பத்தே நாளில் ஓடிவிடக்கூடிய வேகம் அது. திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடத்தில், 1928-இல் கட்டப்பெற்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஆகஸ்டு 22 இரவு, 1836-ஆம் ஆண்டையொட்டி ஆர்தர் காட்டன் எழுப்பிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டு நின்ற கட்டடம் அது. அவ்வாண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழையோ தமிழ்நாட்டில் 24 விழுக்காடு குறைந்தது. ஆற்றில் வெள்ளமும் வானில் பற்றாக்குறையும் ஒரே ஆண்டின் இரு முகங்களாயின. இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் அமைதியான ஓர் ஆண்டு தோன்றும். அத்தகைய அமைதியான ஆண்டில் எவரும் வாழவில்லை.

அண்மைக் காலத்தில் இந்நிலை மேலும் கூர்மையடைந்துள்ளது. 2023 திசம்பர் 17-18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. அம்மாவட்டத்திற்கு ஓராண்டில் இயல்பாகக் கிடைப்பதைக் காட்டிலும் அது மிகுதி. வெப்பமடைந்த காற்று முன்னினும் மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், நிற்கும்போது நெடுநாள் நின்றுவிடும் என்று அறிவியலார் கூறுகின்றனர். அர்த்தசாத்திரம் வேண்டிய சீரான பங்கீடு அரிதாகிவருகிறது.

அக்கரையில் ஒரு தாய்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உறையும் இறைவனுக்குத் தாயுமானவர் என்ற பெயர் வந்த வரலாற்றை இவ்வூரில் அறியாதார் இலர். பேறுகாலத்தில் இருந்த மகளுக்குத் துணையாக அவள் தாய் புறப்பட்டு வந்தாள். காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு நோவு கண்டது. இறைவனே தாயின் வடிவெடுத்து வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதே வந்திருந்தவர் யாரென்று மகள் உணர்ந்தாள்.

பக்தியின் சிறப்பை உணர்த்தும் இக்கதையை வெள்ளத்தின் பதிவாகவும் கொள்ளலாம். அன்று எத்தனை கன அடி ஓடியது என்பதைக் கதை சொல்லவில்லை. எந்த ஆண்டு என்பதையும் சொல்லவில்லை. யார் எந்தக் கரையில் நின்றார், யாருக்கு யார் வேண்டியிருந்தார், யாரால் வர இயலவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. பேரிடரின் உண்மையான அளவு அதுவே. நீர் உயர்ந்த அடி அன்று. கடக்க முடியாமற்போன தொலைவு.

உறையூரில் வெக்காளியம்மன் கூரையின்றி வெயிலும் மழையும் தாங்கி வீற்றிருப்பதும் இத்தகைய நினைவே. மண்மாரியால் ஊர் அழிந்தபோது வீடிழந்த மக்கள் அன்னையை நாடினர். அவர்கள் அனைவர்க்கும் வீடு கிடைக்கும் வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் உறுதிகொண்டாள் என்பர். அழிவின் அளவைத் தெய்வத்தின் தலைக்கு மேலே உள்ள வெறுமையால் குறித்து வைத்த ஊர் இது.

ஆயினும், கதை மட்டும் போதும் என்று கூறிவிட இயலாது. தாயுமானவர் கதை இரக்கத்தைக் கற்பிக்கும். எத்தனை மதகு வேண்டும் என்பதைக் கற்பிக்காது. கும்மிப் பாட்டு பசியைச் சொல்லும். எவ்வளவு தானியம் இருப்பில் வேண்டும் என்பதைச் சொல்லாது. அதற்குக் காலை 8.30 மணிக்கு மழைமானியின் முன் குனிந்து நிற்கும் பெயரறியாத ஊழியரின் குறிப்பேடு வேண்டும். 1876-ஐயும் 2016-ஐயும் நாம் ஒப்பிட முடிந்தது, நூற்றைம்பது ஆண்டுக் காலம் நாள் தவறாமல் எவரோ எழுதி வைத்ததனாலேயே. பாடியவரைப் போலவே அளந்தவரும் நன்றிக்குரியர்.

காட்டூர், திருவெறும்பூர் முதலிய கிழக்குப் பகுதிகளில் ஒரு காலத்தில் வயலாக விளங்கிய நிலங்கள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. வயல் இருந்தபோது ஓர் உழவு மழை என்றால் என்னவென்று அங்கே வாழ்ந்தோர்க்குத் தெரிந்திருந்தது. மழைநீர் எந்தப் பக்கம் சரியும், எந்த மடையில் வடியும் என்பதையும் அறிந்திருந்தனர். நிலம் மனையானதும் அச்சொல் வழக்கிழந்தது. சொல்லோடு அறிவும் போயிற்று. தெருவில் நீர் தேங்கும்போது, இது எங்கிருந்து வந்தது என்று வியக்கும் தலைமுறை தோன்றியுள்ளது. நீர் எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. தனக்குத் தெரிந்த பழைய வழியில் வந்திருக்கிறது. வாய்க்காலின் பெயரும், ஏரியின் பெயரும், மடையின் பெயரும் மறக்கப்பட்ட இடத்தில்தான் அது அயலார் போல நிற்கிறது.

இங்கேதான் கவிஞர்க்கும் பணி உண்டு. மாரியைப் பொதுவாகப் போற்றும் பாடல்கள் தமிழில் குறைவின்றி உள்ளன. குறிப்பிட்ட ஓர் ஆண்டின், குறிப்பிட்ட ஒரு தெருவின், குறிப்பிட்ட ஓர் இரவின் மழையைச் சொல்லும் பாடல்களே குறைவு. ஓர் ஊரின் மழைச் சராசரியை உரைப்பதற்கு முப்பதாண்டுப் பதிவு வேண்டும் என்பர் வானிலை அறிஞர். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் அப்பாதையில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்திருக்கிறது. பதிவேடு எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருக்கும். எப்போது, எங்கே, யாருக்கு என்பவற்றைக் கவிதை எழுதிவைக்குமானால், இனி வரும் வெள்ளத்தின்போது அக்கரையில் நிற்கும் தாயை ஊர் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளும்.